பொட்டு வைத்த நான்கு டிரைவுகள்

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.
14-10-2008

விக்ரம் அப்பாவுக்கு, சுமலதா வணக்கத்துடன் எழுதுவது.

நானும் விக்ரமும் நலமாக இருக்கிறோம். மஸ்கட்டில் வெயில் தணிந்ததா, உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். இந்த விஷயத்தைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். பாதி சொல்வதற்குள் கத்தத் தொடங்கிவிடுவீர்கள். கடிதம் என்றால் முழுவதும் படித்துத்தான் ஆக வேண்டும்.

லீவில் வந்த வெற்றிச்செல்வனிடம் நீங்கள் கொடுத்தனுப்பிய, வீடியோ சேமிக்கிற நான்கு ஹார்டு டிரைவ் பெட்டி ஆடியிலேயே வந்துவிட்டது. "ஆள் அனுப்புறேன், அதுவரைக்கும் நீ கை வெக்காத" என்றீர்கள். பத்து நாள் பார்த்தேன். ஆளையும் காணோம், போனையும் காணோம். நம் வீடியோ ஸ்டுடியோ கம்ப்யூட்டரிலோ எள் போட இடமில்லை. நானே சிபியூவைத் திறந்து, பெட்டியோடு வந்த கார்டைச் சொருகி, திருகு முடுக்கி, கேபிளை மாட்டினேன். அதோடு இருந்த புத்தகத்தில் சொன்னபடி நான்கையும் ஒன்றாகச் சேர்த்ததும், திரையில் ஒரே பெரிய டிரைவாக வந்து நின்றது. நம் கேமராமேன் வடிவேல், "இன்னா அண்ணி, அண்ணன் இல்லாமலே முடிச்சிட்டீங்க" என்று வாயைப் பிளந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தத் தலைக்கனத்தில், ஆவணிக் கல்யாணங்களை எல்லாம் அதில் ஏற்றிவிட்டு, அவற்றை எடுத்த டேப்புகளின் மேலேயே அடுத்ததைப் பதியச் சொல்லிவிட்டேன்.

ஆயுத பூஜை வந்தது. கேமரா, லைட், ஸ்டாண்ட் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தோம். பெட்டிக்கு வெளியில் மட்டும் வைத்தால் போதுமா, உழைப்பது உள்ளே இருக்கிற நான்கும்தானே என்று எனக்குத் தோன்றியது. நான்கையும் உருவித் துடைத்து, ஆளுக்கொரு சந்தனப் பொட்டு வைத்து, வாழை இலையில் வரிசையாகப் படைத்தேன். மறுநாள் சொருகும்போது எது எந்த அறையில் இருந்தது என்று பார்க்கவில்லை. கழுவிய தட்டை அடுக்குவது போல அடுக்கிவிட்டேன்.

கம்ப்யூட்டரைப் போட்டால் ஒரு கல்யாணத்தையும் காணோம். டிரைவை பார்மட் செய்யட்டுமா என்று கேட்கிறது. தட்டாஞ்சாவடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவரைக் கேட்டால், "ஆமான்னு குடுங்கக்கா, புதுசா ஆயிடும்" என்கிறார். உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துப் புதிதாக்கி வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

நோணாங்குப்பம் வீராயி அக்கா மகள் கல்யாணம் அதில்தான் இருந்தது. அவர் வீட்டுக்காரர் கோவிந்தசாமி, படகு ஓட்டுவாரே, கல்யாணம் முடிந்த இருபதாம் நாள் நெஞ்சுவலியில் போய்விட்டார். "போட்டோல சும்மா நிக்கிறாரும்மா. அவரு நடந்து போறது பேசுறதெல்லாம் உங்கிட்டதான் இருக்குது" என்று அக்கா இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். எந்த முகத்தோடு அவர் எதிரில் நிற்பது?

புத்தகத்தை மறுபடி முதலிலிருந்து படித்தேன். ஒவ்வொரு டிரைவும் அதனதன் அறையில் இருந்தால்தான் வேலை செய்யுமாம். நான்கு டிரைவை நான்கு அறையில் இருபத்து நான்கு விதமாக வைக்கலாம். பிளஸ் டூ கணக்கு சோறு போடுமா என்று கேலி செய்வீர்களே, போட்டது. டிரைவுகளுக்கு எண் ஒட்டி, இருபத்து நான்கையும் தாளில் எழுதி, ஒவ்வொரு தடவையும் பெட்டியை அணைத்து, மாற்றிச் சொருகிப் போட்டுப் பார்த்தேன். பார்மட் செய்யட்டுமா என்று கேட்டபோதெல்லாம் வேண்டாம் என்றேன். பத்தொன்பதாவது தடவை எல்லாக் கல்யாணங்களும் திரையில் வந்துவிட்டன. தப்பு செய்ததும் நான்தான், சரி செய்ததும் நான்தான். பெருமையாகவே எழுதுகிறேன். வடிவேல் இப்போது எல்லோரிடமும் என்னை இன்ஜினியர் அண்ணி என்கிறார். எல்லாவற்றையும் டிவிடியிலும் எழுதி வைத்துவிட்டேன்.

நேற்று வீராயி அக்காவைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். பந்தியில் கோவிந்தசாமி உட்கார்ந்து சாப்பிடுகிற இடம் வந்ததும், அக்கா திரும்பப் போடச் சொன்னார். மூன்று தடவை போட்டேன். "சோத்தப் போட்டுட்டு வேலையப் பாக்கப் போயிடுவேன். இவரு துன்றத நான் நின்னு பாத்ததே இல்லம்மா" என்றார்.

அக்கா வீட்டுக்குப் போன பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. நீங்கள் மஸ்கட் போய் இரண்டு வருஷம் நான்கு மாதம் ஆகிறது. ஸ்டுடியோ என்ன ஆகுமோ என்று ஓடி வர வேண்டாம், அதை நான் பார்த்துக்கொள்வேன். பொங்கலுக்கு லீவு கேளுங்கள். வந்து, ஒரு வேளையாவது என் எதிரில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சுமலதா