தட்டிக்குப் பின்னால் இருந்த மகாராணிக்கு

அக்கா, உன் மூங்கில் தட்டி இப்போது ஆர்.எஸ்.புரத்தில் என் வீட்டுச் சன்னலில் தொங்குகிறது. எத்தனை முறை துடைத்தாலும் தறிக்கூடத்தில் நூலுக்குப் போடும் கஞ்சியின் வாசம் அதை விட்டுப் போகவில்லை. காலையில் அதைச் சுருட்டிக் கட்டும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. உன்மேலும் கொஞ்சம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

உன் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தபோது மகன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். தறிக்கூடத்தை நீதான் எடுத்து நடத்தினாய். வியாபாரிகள் முன்னால் பொம்பளை உட்காருவதா என்று உன் கொழுந்தனார் குதித்தார். அதற்காக ஆபீஸில் தொங்கவிட்டதுதான் இந்தத் தட்டி. முன்னால் நாற்காலியில் அவர், பின்னால் நீ. ஈரோட்டு வியாபாரிகள் அவர் முகத்தைப் பார்த்து விலை கேட்பார்கள். பதில் தட்டிக்குள்ளிருந்து வரும். "அந்த வெலைக்குக் கட்டாதுங்க. வேற எடம் பாத்துக்குங்க." அவர் தலையை மட்டும் ஆட்டுவார்.

கொரிய சீரியல் ராணிகள் டிவியில் தமிழ் பேச ஆரம்பித்ததும் நாம் இருவரும் அதில் விழுந்தோம். ஆசைநாயகி பெற்ற பிள்ளைக்குப் பட்டத்து ராணிதான் அம்மா என்றபோது நீ டிவியையே திட்டினாய். ஒருநாள் சிம்மாசனத்தில் ஒரு சின்னப் பையன் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பின்னால் ஒரு மூங்கில் தட்டி, தட்டிக்குள்ளிருந்து ராஜமாதா உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏ அம்மணி, நம்ம தட்டியாட்டவே இருக்குது! நெசமாலுமே இப்படி நடந்துச்சா?" என்று கேட்டாய்.

தேடிப் படித்துச் சொன்னேன். நிஜம்தான். ராஜா வளர்ந்ததும் தட்டியை எடுத்துவிடுவார்களாம். எடுத்துவிட்டார்கள் என்றாலே அவள் ஆட்சி முடிந்தது என்று அர்த்தமாம். அந்த ராணிகள் பலருக்குப் பெயரைக்கூட எழுதிவைக்கவில்லை, எந்தக் குலத்துப் பெண் என்பதோடு சரி.

நீ சிரித்தாய். "எம்பேரு மட்டும் ஆருக்குத் தெரியுது? இந்த ஊட்டுல நான் பெருந்துறைக்காரிதான."

உன் மகனும் வளர்ந்தான். தட்டியைக் கழற்றிவிட்டுக் கண்ணாடித் தடுப்பும் ஏசியும் போட்டான். "நீங்க ஊட்ல ரெஸ்ட் எடுங்கம்மா" என்றான். ஒருநாள் நீ ஆபீஸ் வாசலில் நின்று "கண்ணு, சாப்ட்டயா?" என்று கேட்டாய். வெளியே வந்து, "ஆபீஸ்ல கண்ணுன்னு கூப்பிடாதீங்கம்மா, மரியாத போயிருது" என்றான்.

அன்றைக்கு அவனை நாலு வார்த்தை திட்டியிருக்க வேண்டாமா நீ? அடுத்த முறை "சாப்ட்டீங்களா?" என்று கேட்டாய்! கைக்குழந்தையைக்கூட 'வாங்க சாமி' என்று கொஞ்சுகிற ஊர்தான் நம்முடையது. அந்த 'ங்க' வேறு. பெற்ற மகனுக்குப் பயந்து நீ போட்ட 'ங்க' வேறு. "அந்த ராஜமாதாளும் மகன அரசேன்னுதான கூப்புடறா" என்று என்னைச் சமாதானப்படுத்தினாய். எனக்கு வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

நீ போன அன்று கேட்டில் பேனர் கட்டினார்கள். 'வீடே உலகமென வாழ்ந்த உத்தமி.' வீடாம்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டார்கள். காரியத்தன்று உன் கொழுந்தனார், "அண்ணன் போனதுக்கப்பறம் நான் ஒத்தையாளா நின்னு தூக்கி நிறுத்துன தொழிலுங்க" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பந்தியில் கை நனைக்காமல் வந்துவிட்டேன்.

போன மாதம் அந்தப் பக்கம் போனபோது, தறிக்கூடத்துக் கேட்டோரம் பழைய இரும்போடு உன் தட்டி கிடந்தது. நேராக ஆபீசுக்குள் போனேன். வியாபாரிகள் உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்க சித்தி, காபி சாப்பிடுங்க" என்றான் உன் மகன்.

"வேண்டாங் கண்ணு" என்றேன், அறை முழுக்கக் கேட்கும்படி. "வெளிய கெடக்குற தட்டிய எனக்குக் குடுத்துரு கண்ணு. உங்கம்மா அதுக்குப் பின்னால உக்காந்து ஓட்டுன தறிதான் இன்னிக்கு உனக்குச் சோறு போடுது."

ஈரோட்டுப் பெரியவர் ஒருவர் மெதுவாகச் சொன்னார். "அந்தக் கொரலு எனக்கு நெனப்பிருக்குதுங்க. வெலை சொன்னா சொன்னதுதானுங்க."

உன் மகன் முகம் சிவந்துபோயிற்று. "சித்தி, ஆபீஸ்ல..." என்று ஆரம்பித்தான்.

"தெரியுங் கண்ணு" என்றேன்.

தட்டியைச் சுருட்டி நானே தூக்கிக்கொண்டு வந்தேன். இனி அவனை எந்தச் சபையில் பார்த்தாலும் அப்படித்தான் கூப்பிடப் போகிறேன். நீ விட்டுக்கொடுத்த சொல்லை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.