எல்லாம் பாரிஸ் வழியாக

1993 நவம்பர் 17, புதன்

பாரிஸ் பத்திரிகை இன்றும் இரண்டு நாள் பிந்தித்தான் நூலகத்துக்கு வந்தது. நான் அதைத் தட்டில் வைப்பதற்கு முன்பே கொஸ்ஸி வந்து நின்றான். நான்காம் பக்கத்தின் அடியில், ஒரு கைக்கடிகார விளம்பரத்துக்கு மேலே, அவனுடைய நாட்டைப் பற்றி ஆறு வரி. படித்துவிட்டு மடித்து என்னிடம் தந்தான்.

"டோகோவில் என்ன நடக்கிறதென்று டோகோக்காரன் பாரிஸைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறான்" என்றான் ஆங்கிலத்தில். சிரித்தான்.

செப்டெம்பரிலிருந்து இப்படித்தான். லோமே நகரத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவன். போன ஜனவரியில் ஊர்வலத்தில் இராணுவம் சுட்டபின் கானாவுக்கு ஓடி, அங்கிருந்து அகதியாக இங்கே. இப்போது விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டலில் துணி வெளுக்கிறான். லோமேயிலிருந்து கானா எல்லைக்குச் சைக்கிளில் போய்விடலாமாம். ஆனால் எல்லைக்கு அப்பால் நின்று தாய்க்கு ரெலிபோன் எடுத்தால், குரல் பாரிஸுக்குப் போய்த்தான் திரும்பி வந்ததாம். சுதந்திரம் கிடைத்து முப்பத்து மூன்று வருடம்.

அவன் போனபிறகு அதே பத்திரிகையை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன். என் பிரெஞ்சு அரைகுறை. படித்தேன் என்று சொல்ல முடியாது. பிடித்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 28, ஞாயிறு

பாரிஸிலிருந்து எமில்டா மாமி ரெலிபோன் எடுத்தா. அப்பாவின் தங்கை. ஒரு சம்பந்தம் கொண்டுவந்திருக்கிறா. மாப்பிள்ளை பெயர் அன்புராசா.

"தங்கமான பொடியன் அண்ணை. பிரெஞ்சுச் சிற்றிசன் எடுத்திட்டான். ஈஸ்ரர் கழிய அங்கை வந்து பிள்ளையைப் பாப்பான். அதுக்கு முந்தி ஒரு சொல்லுச் சொல்லுங்கோ."

அப்பாவின் முகம் விளக்கேற்றியதுபோல் இருந்தது. பிரான்ஸ் என்றால் அப்பாவுக்கு நாடு இல்லை, லூயி சுவாமி. யாழ்ப்பாணத்தில் அப்பாவுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த பிரெஞ்சுக் குருவானவர். தன் சாப்பாட்டில் பாதியைப் போர்டிங் பிள்ளைகளுக்குக் கொடுத்தவராம். மாமிக்கு எமில்டா, எனக்கு யூஜினி என்று எங்கள் வீட்டுப் பெண்களின் பெயர்கள்கூட அந்தப் பிரெஞ்சுச் சுவாமிமார் விட்டுப்போனவைதான்.

"பிரெஞ்சுக்காரரின்ரை நாட்டிலை சீவிக்கிறதெண்டால் குடுத்துவைச்சிருக்க வேணும் பிள்ளை" என்றார்.

எனக்கு இருபத்தாறு வயது. எழும்பித் தேத்தண்ணி போடப் போனேன்.

டிசம்பர் 4, சனி

கொஸ்ஸியை எனக்குப் பிடித்திருக்கிறது. எழுதியாயிற்று. இனி அழிப்பதில்லை.

டிசம்பர் 19, ஞாயிறு

இப்படி ஒரு நாள் யாருக்கும் வராது.

கொஸ்ஸியை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தேன். "பிரெஞ்சுக் கோயிலிலை இருந்து ஒருத்தர் வாறார் அப்பா, ஆபிரிக்கர்" என்று மட்டும் சொல்லிவைத்தேன். அவன் அந்தக் கோயில் பாடகர் குழுவில் பாடுகிறான், அதனால் பொய்யில்லை. மிச்சத்தைச் சாப்பாட்டோடு மெல்ல மெல்லச் சொல்லலாம் என்று நினைத்தேன். கோழை!

மணி அடித்தபோது நான் அடுப்படியில். கதவைத் திறந்தது அப்பா. பேச்சுச் சத்தத்தையே காணவில்லையே என்று கரண்டியோடு எட்டிப் பார்த்தால் - அப்பா கார்ப்பெற்றில் முழந்தாளில் நிற்கிறார். தலை குனிந்து, கை கூப்பி. "தோத்திரம் சுவாமி" என்கிறார். எதிரே கொஸ்ஸி. குளிருக்குப் போட்ட கறுப்பு நீளக் கோட்டு, கழுத்துவரை மூடிய கறுப்புச் சட்டை. போன மாதம் எங்கள் கோயிலில் நைஜீரியக் குருவானவர் ஒருவர் பிரசங்கம் செய்திருந்தார். அப்பா இரண்டையும் கூட்டிப்பார்த்துவிட்டார்.

கொஸ்ஸிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெரியவர் முழந்தாளில் நிற்கத் தான் நிற்பது மரியாதையில்லை என்று அவனும் சட்டென்று முழந்தாளில் இறங்கிவிட்டான். சப்பாத்துப் பனி கரைந்து கார்ப்பெற் நனைய, இரண்டு பேரும் ஒருவரையொருவர் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அப்பா எழும்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உன்ரை அம்மா செத்ததுக்குப் பிறகு வீட்டுக்குள்ளை ஒரு சுவாமி கால் வைச்சது இண்டைக்குத்தான்" என்றார். அதற்கு மேல் எப்படிச் சொல்வது?

சாப்பாட்டுக்கு முன் செபம் சொல்லச் சொன்னார். கொஸ்ஸி பிரெஞ்சில் அழகாகச் சொன்னான். அப்பா லூயி சுவாமியைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். நிறுத்தவே இல்லை. கடைசியில், "உங்களையும் பிரெஞ்சுச் சுவாமிமார்தான் படிப்பித்தவர்களோ?" என்று கேட்டார்.

"ஆம் ஐயா. மிகவும் நல்லவர் ஒருவர். காய்ச்சல் வந்தால் இரவெல்லாம் பக்கத்தில் இருப்பார். எங்கள் மொழியில் பேசினால் கழுத்தில் ஒரு மரக்கட்டையைக் கட்டிவிடுவதும் அவர்தான். இன்னொரு பிள்ளை பேசுவதைப் பிடித்துக்கொடுக்கும்வரை அதைக் கழற்ற முடியாது."

"எப்ப? வெள்ளைக்காரன் ஆண்ட காலத்திலையோ?" அப்பா பதற்றத்தில் தமிழில் கேட்டுவிட்டார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

"இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு" என்றான் கொஸ்ஸி. "கொடி மாறியிருந்தது. கட்டை மாறவில்லை."

அப்பா மீன் துண்டொன்றை எடுத்து அவன் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார்.

டிசம்பர் 20, திங்கள்

பஸ் தரிப்பில் வைத்து விசயத்தைச் சொன்னேன். கொஸ்ஸி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தி, "நீ சொல்ல வேண்டும். நான் போய்ச் சொன்னால் அவர் இன்னும் ஒரு முறை வெட்கப்படுவார்" என்றான்.

சொல்லுறன், சொல்லுறன். எப்ப?

1994 ஜனவரி 13, வியாழன்

மூச்சு விட்டால் மூக்குக்குள் உறையும் குளிர். கொஸ்ஸி இன்று பத்திரிகைக்காக வரவில்லை. ஏற்கெனவே வானொலியில் கேட்டிருந்தான்.

பதின்மூன்று ஆபிரிக்க நாடுகளின் பணம் பாதியாகிவிட்டது. அது பிரெஞ்சுப் பிராங்கோடு கட்டப்பட்ட பணம். பிரான்சிலேயே அச்சாவது. கட்டிய கயிற்றைச் செவ்வாய்க்கிழமை இரவு இழுத்துவிட்டார்கள். டக்காரில் ஒரு கூட்டம், பிரெஞ்சு அமைச்சரும் இருந்தாராம், இவர்களுடைய தலைவர்கள் கையெழுத்துப் போட்டார்களாம். காலையில் எழும்பியபோது வைத்திருந்ததெல்லாம் அரைவாசி.

கொஸ்ஸியின் தாய் அஜோவா லோமேச் சந்தையில் துணிக்கடை வைத்திருக்கிறா. ஒல்லாந்திலிருந்து வரும் அச்சுத் துணி. அந்தத் துணியில்தான் பிள்ளைகளைப் படிப்பித்தவ. இனி அதே துணியை வாங்க இரண்டு மடங்கு வேண்டும். சந்தைக்கு வருகிறவளின் கையிலோ பழைய காசுதான். நேற்று ரெலிபோனில் தாய் அவனிடம் ஒன்றுதான் கேட்டாவாம்:

"காசு என் இடுப்பில்தானே இருந்தது. அவிழ்த்தது யார்?"

பஸ் தரிப்பில் நின்றுதான் இதெல்லாம் சொன்னான். நான் கையுறையைக் கழற்றி, அவனுடையதையும் கழற்றி, கையைப் பிடித்துக்கொண்டேன். முதல் தடவை. பஸ் இரண்டு போனது. விரல் விறைத்துவிட்டது. விடவில்லை.

ஜனவரி 30, ஞாயிறு

எமில்டா மாமி மறுபடி. அன்புராசாவுக்கு மறுமொழி வேண்டுமாம். மாமியின் குரல் எப்போதும் றிசீவரை விட்டு வெளியே வரும்.

"நான் வேலை செய்யிற வீட்டு மடாமுக்குப் பெரிய சந்தோசம் அண்ணை. ஆபிரிக்காவிலை எல்லாம் இப்ப அரை விலையாம். குடும்பத்தோடை செனெகல் கடற்கரைக்கு வெளிக்கிடினம். எனக்கும் ரெண்டு கிழமை லீவு!"

எனக்கு விசர் வந்துவிட்டது. "உது ஆற்றையோ தாயின்ரை காசு மாமி" என்று கத்தினேன்.

அப்பா றிசீவரை வைத்துவிட்டு, "ஆற்றை தாய்?" என்றார்.

மரக்கட்டைக் கதை கேட்டதிலிருந்து அப்பா பிரான்ஸ் கதை எடுப்பதில்லை என்பதைக் கவனித்திருந்தேன். சொல்ல நல்ல நேரம். வாய் திறந்தேன். "சுவாமியின்ரை" என்று வந்தது.

பொய்க்கு மேல் பொய். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அப்பா, "பாவம் அந்த மனிசி" என்றார். பிறகு: "தபசுகாலம் வருகுது. நான் பாவசங்கீர்த்தனம் செய்து கனகாலம். இங்கிலிஷ் சுவாமியிட்டை மனம் திறக்குதில்லை. உவரிட்டைச் செய்யப்போறன். கேட்டுச் சொல்லு."

ஐயோ. குருவானவர் அல்லாதவன் பாவ அறிக்கையைக் கேட்பதா!

பெப்ரவரி 16, சாம்பல் புதன்

சொன்னேன். கோயிலால் வந்து, நெற்றியில் சாம்பலோடு, கோட்டைக்கூடக் கழற்றாமல்.

"அப்பா, கொஸ்ஸி சுவாமி இல்லை."

"பின்னை?"

"நான் கட்ட விரும்புற ஆள்."

கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். கறுப்பன் என்பார், வேறு நாட்டான் என்பார், மாமியின் முகத்தில் எப்படி முழிப்பது என்பார் - எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். அவர் ஒன்றைத்தான் சொன்னார்.

"நான் முழந்தாளிலை நிண்டனானடி."

என்னை 'டி' போட்டது என் வாழ்க்கையில் இன்றுதான்.

பெப்ரவரி 23, புதன்

சமைக்கிறார், சாப்பிடுகிறார், கோயிலுக்குப் போகிறார். என்னோடு மட்டும் பேச்சில்லை.

மார்ச் 2, புதன்

கொஸ்ஸிக்கு மொன்றியலில் வேலை கிடைக்குமாம், பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் ஒன்றில். போகட்டுமா என்று கேட்கவில்லை. வருகிறாயா என்றும் கேட்கவில்லை. "உன் அப்பாவை இப்படி விட்டுவிட்டு நீ வரக்கூடாது" என்றான். வா என்று சொல்லியிருந்தால் கோபப்பட்டிருப்பேன். சொல்லாததற்கும் கோபம்தான் வந்தது.

மார்ச் 13, ஞாயிறு

அப்பா பேசினார். நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்று, என் முதுகுக்குத்தான் சொன்னார். அதனால்தான் சொல்ல முடிந்திருக்கும்.

"நான் ஏன் தபால் கந்தோரை விட்டனான் எண்டு உனக்குத் தெரியுமோ?"

அம்மாவின் அண்ணரோடு கடை போட என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தது.

"சிங்களச் சோதினை எழுதினால்தான் வேலை எண்டாங்கள். தெரியாமலில்லை, கதைப்பன். எழுதமாட்டன் எண்டிட்டன். சம்பள உயர்வை நிப்பாட்டினாங்கள், பிறகு ஆளையே நிப்பாட்டினாங்கள். அண்டைக்குப் பின்னேரம் லூயி சுவாமி சைக்கிளிலை வந்தவர். என்ரை கையைப் பிடிச்சு, தாய்ப்பாசை ஆண்டவர் தந்தது, அதை ஒருத்தனும் பறிக்கேலாது எண்டவர். அந்த மனிசன் அழுதவர் பிள்ளை."

குழாயை மூடினேன். திரும்பவில்லை.

"எனக்கு அப்பிடிச் சொன்ன அதே சனம் அங்கை உந்தப் பொடியன்ரை கழுத்திலை கட்டையைக் கட்டியிருக்கு. இப்ப தாயின்ரை மடிக்குள்ளையும் கை வைச்சிருக்கு. நான் மூண்டு மாசமா யோசிக்கிறன். லூயி சுவாமி பொய் சொன்னவரோ? இல்லை. அவர் உண்மைதான் சொன்னவர். அப்ப இதென்ன?"

என்னிடம் புத்தகங்கள் சொன்ன பதில்கள் இருந்தன. அவர் கேட்டது அதை இல்லை.

அறைக்குப் போகும் வழியில் அப்பா: "நான் முழந்தாளிலை நிண்டபோது, அவனும் நிண்டவன் என்ன?"

"ஓம் அப்பா."

"ஏனாம்?"

"பெரியாள் கீழை நிக்கத் தான் மேலை நிக்கப்படாது எண்டு."

"ம்."

இன்றைக்கு இவ்வளவுதான். எனக்கு இது போதும்.

ஏப்ரல் 9, சனி

ஈஸ்ரர் கழிந்தது. மாமி எடுத்தா. என்னை அறைக்குள் போகச் சொன்னார் அப்பா. கதவு மெல்லியது.

"இல்லைத் தங்கச்சி, அன்புராசாவுக்கு வேறை நல்ல இடமாப் பார்... ஓம், இஞ்சை ஒருத்தர் இருக்கிறார்... எங்கடை ஆள் இல்லை. ஆனா வேதக்காரன், உன்னைவிட வடிவாச் செபம் சொல்லுவான்..."

இடைவெளி. மாமியின் குரல் ஹோலைத் தாண்டி என் அறைவரை வந்தது.

"கறுப்போ? நீ மட்டும் என்ன வெள்ளையே? ஆரைப் பாத்து வளந்தனி? ... பிரான்சோ? பிரான்சைப் பற்றி எனக்குச் சொல்லாதை எமில்டா. அந்தப் பொடியனைக் கேள், அவன் சொல்லுவான்."

தலையணைக்குள் முகத்தை வைத்துச் சிரித்தேன். அழுதும் இருப்பேன்.

ஏப்ரல் 24, ஞாயிறு

கொஸ்ஸியின் தாய் கடையை மூடிவிட்டா. வரிசையில் பாதிக் கடை மூடித்தான் கிடக்கிறதாம். இப்போது வாசலில் சோளம் வறுத்து விற்கிறா. ஐம்பத்தெட்டு வயதில் திரும்பவும் தொடக்கத்திலிருந்து. அவனால் போகவும் முடியாது, அகதி வழக்கு முடியவில்லை. பாரிஸ் பத்திரிகையில் இன்று பொருளாதாரப் பக்கத்தில், பணத்தைப் பாதியாக்கிய கசப்பு மருந்து வேலை செய்கிறதென்று ஒரு கட்டுரை. மடித்துத் தட்டில் வைத்தேன். அவனிடம் காட்டவில்லை.

அவன் மொன்றியலுக்குக் கடிதம் எழுதிவிட்டான், வரவில்லை என்று.

மே 21, சனி

பல்கனியில் புறாக்கள் தொல்லை. அப்பா வலை கட்ட வெளிக்கிட்டார், ஸ்ரூலில் ஏறி. கொஸ்ஸி வந்த கையோடு கோட்டைக் கழற்றவிடாமல் ஸ்ரூலைப் பிடிக்கச் சொன்னார். போன கிழமைவரை அவனோடு ஆங்கிலம்தான், "சேர்" போட்டு, கதிரை இழுத்துக் கொடுத்து. வீட்டு ஆளுக்கில்லை, விருந்தாளிக்குத்தான் அப்பா அப்படிச் செய்வார்.

இன்று வலை ஒரு பக்கம் அவிழ்ந்து விழுந்தது. அதை எட்டிப் பிடிக்கக் கொஸ்ஸி ஒரு கையை எடுத்தான். ஸ்ரூல் ஆடியது.

"டேய்! உதை விடாதை எண்டெல்லே சொல்லுறன்! என்னைக் கொல்லப் பாக்கிறியோ? ரெண்டு கையாலையும் பிடி, பிசாசு!"

கீழே பார்க்கிங்கில் நின்ற ஆட்கள் அண்ணாந்து பார்த்தார்கள். கொஸ்ஸிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. என் பக்கம் திரும்பினான். நான் தேத்தண்ணியோடு வாசலில் நின்றேன், மொழிபெயர்க்கவில்லை. அவனுக்குத் தெரிந்த தமிழ் ஒரு சொல்தான்.

"ஓம்" என்றான். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

அப்பா முணுமுணுத்தபடி மிச்ச முடிச்சுகளைப் போட்டார்.