குட்டை என்று எழுதிவைத்த ஏரி

போன பிறகும் என்னைச் சண்டைக்கு இழுக்கிற என் அன்பு மாமாவுக்கு,

உங்கள் படத்துக்கு மாலை போடும்போதே இதையெல்லாம் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தேன். வீடு நிறைய உறவுக்காரர்கள், வாயை மூடிக்கொண்டு சாம்பிராணி போட்டேன். எழுதப் படிக்கத் தெரிந்த மருமகள்தான் வேண்டும் என்று ஆம்பூர் வரைக்கும் பெண் தேடி வந்தவர் நீங்கள்தானே. இப்போது அந்தப் படிப்பின் பலனை அனுபவியுங்கள்.

உங்கள் ஏரியைப் பற்றித்தான் பேச்சு. மலையிலிருந்து இறங்கும் ஓடையை மறித்து, சொந்த நிலத்தில், சொந்தச் செலவில் கூடை கூடையாக மண்ணைக் கொட்டி நீங்கள் கட்டினீர்களே, அந்தக் கரையைப் பற்றி. ஒடுகத்தூர்ப் பக்கம் யார் எதிர்ப்பட்டாலும் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவீர்கள். கல்யாணமான மறுநாள் என்னையும் பட்டுப்புடவையோடு கரை மேல் நடக்க வைத்தீர்கள். முள் குத்தியதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, அவ்வளவு சந்தோஷம் உங்கள் முகத்தில்.

அந்த ஏரியைத்தான் உங்கள் பங்காளி, மேட்டு வீட்டுச் சின்ன மாமா, பத்துப் பேர் நடுவில் கேலி செய்துவிட்டார். "இது இன்னா ஏரி? எருமை குளிக்கிற குட்டை!" அன்றைக்கு அறுந்த பேச்சுவார்த்தை நீங்கள் கண்ணை மூடும்வரை ஒட்டவில்லை. சரி, ரோஷம் இருக்க வேண்டியதுதான். ஆனால் அதற்காக நீங்கள் செய்த காரியம் இருக்கிறதே மாமா, அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஏரி நிரம்பி மிச்சத் தண்ணீர் கரையில் தாழ்வாக விட்ட கலங்கல் மேல் வழிந்து கோடி போகிற அன்றைக்கு, அந்தத் தண்ணீர் முதலில் எவர் நிலத்தைத் தொடுகிறதோ அவருக்குத்தான் ஏரிக்காரர் வீட்டு முதல் தாம்பூலம். என் நிலத்து வழியாகப் போகட்டும் என்று சம்மதிக்கிறவருக்குச் செய்கிற மரியாதை அது. நம் ஏரிக்குக் கீழே அந்த நிலம் சின்ன மாமாவுடையது. அந்த மனிதர் கையில் தட்டைக் கொடுப்பதா என்று நீங்கள் என்ன செய்தீர்கள்? கலங்கல் மேல் கல்லை அடுக்கி, களிமண்ணைப் பூசி, ஒரு முழம் உயர்த்திவிட்டீர்கள். ஏரி வழிந்தால்தானே தாம்பூலம். வழியவே கூடாது என்று தீர்த்துவிட்டீர்கள்.

எத்தனை மழை போயிற்று, ஒரு முறைகூட உங்கள் ஏரி கோடி போகவில்லை. வழிய வேண்டிய தண்ணீரையெல்லாம் அந்த மண் கரைதான் முதுகில் தாங்கிக்கொண்டு நின்றது.

இன்னொன்றும் கேட்கிறேன். எந்த ஏரிக்கு மழைக்காலத்தில் காவல் வேண்டும் என்று தரம் பிரிக்க இன்ஜினீயர் துரை வந்தாரே, அவரிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள்? முதல் தரம் என்றால் வருஷா வருஷம் சர்க்கார் ஆள் வருவான், இதை இடி, அதைக் கட்டு என்பான் என்று பயம். கோழிக் குழம்பும் சோறும் போட்டு, கரையின் ஒரு முனையை மட்டும் காட்டி, "இது சும்மா குட்டைங்க துரை" என்றீர்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அந்தச் சொல்லைச் சொன்னதற்காகச் சொந்தப் பங்காளியைத் தள்ளிவைத்தவர் அல்லவா நீங்கள்? துரையும் எழுதிக்கொண்டு போனார்: மூன்றாம் தரம், கீழே குடியிருப்பு இல்லை, ஆபத்து இல்லை.

அப்போது கீழே குடியிருப்பு இல்லைதான். பிறகு ஓடைக்கரையில் ஆம்பூர் பாய் ஒருவர் தோல் பதனிடும் ஷாப்பு வைத்தபோது, மதகுத் தண்ணீர் தருகிறேன் என்று வலியப் போய்ச் சொன்னது யார்? சுண்ணாம்புக் குழியில் நின்று தோல் அலசுகிற ஜனம் தங்க இடம் கேட்டபோது, கரைக்கு அடியில் குடிசை போட்டுக்கொள்ளுங்கள் என்று கை காட்டியது யார்? உங்களுக்கு நல்ல மனசுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்றாம் தரத்தை அப்போது நினைத்துப் பார்த்தீர்களா?

இந்த ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. முதல் குடிசைக்காரி அஞ்சலை வாசலில் வந்து நின்றாள். "யம்மா, அடுப்பு பத்தவே மாட்டேங்குது. தரையிலர்ந்து தண்ணி ஊறுது. கொயந்தைங்கள எங்க படுக்க வெக்கறது?" நானே போய்ப் பார்த்தேன். கரையின் அடியில் சேற்றுத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. மேலே ஏறிப் பார்த்தால் நீங்கள் அடுக்கிய கல்லின் தலைவரைக்கும் தண்ணீர். இன்னும் ஒரு மழை பெய்தால் கரை தாங்காது.

உங்கள் மகனிடம் சொன்னேன். "சர்க்காரே ஆபத்தில்லன்னு எழுதிக் குடுத்துட்டான், நீ இன்னா துரைக்கு மேலயா? அப்பா வெச்ச கல்லு, அது மேல எவனும் கை வெக்கக் கூடாது" என்றார். உங்கள் பிடிவாதம் அப்படியே இறங்கியிருக்கிறது. உங்கள் கெட்டிக்காரத்தனம் கொஞ்சம் இறங்கியிருக்கக் கூடாதா?

என் தம்பியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, ஏரிகளுக்குத் தரம் எழுதுகிற வேலூர் ஆபீசுக்கே போனேன். தரத்தை மாற்றுங்கள், கீழே ஜனம் இருக்கிறது என்றேன். அந்த அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பட்டா இருக்குதா அவங்களுக்கு?"

"இல்லிங்க. குடிசைங்க."

"பட்டா இல்லாத குடிசை குடியிருப்புல சேராதும்மா. ஏரிக்குச் சொந்தக்காரர் மனு போடட்டும், கோடைல வந்து பாக்கறோம்."

மழையில் உடையப் போகிற கரையைக் கோடையில் வந்து பார்ப்பார்களாம். திரும்பும் வழியெல்லாம் வண்டியில் அழுதுகொண்டே வந்தேன். ஆத்திரத்தில் வந்த அழுகை அது. நான் சொன்னதை அஞ்சலை நம்பவே இல்லை. "நாங்க குடி இல்லன்னா பின்ன இன்னாம்மா நாங்க?" என்று கேட்டாள். நீங்கள் இருந்திருந்தால் அவளுக்கு என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்?

மறுநாள் காலையில் தட்டில் வெற்றிலை, பாக்கு, தேங்காய் வைத்துக்கொண்டு மேட்டு வீட்டுப் படியேறினேன். ஆமாம், நீங்கள் மிதிக்கவே மாட்டேன் என்று சத்தியம் செய்த அதே படி. கலங்கல் கல்லை எடுக்கப் போகிறேன், தண்ணீர் உங்கள் வேர்க்கடலைக் கொல்லை மேல்தான் வரும், சம்மதம் வேண்டும் என்றேன். சின்ன மாமா தட்டைத் தொடாமல் என்னையே பார்த்தார்.

"உங்க மாமன் உயிரோட இருந்தா இதக் குடுத்து அனுப்பியிருப்பானா?"

"மாட்டாருங்க."

"அவன் குடுத்திருந்தா நானும் வாங்கியிருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டார்.

குடிசைக்காரர்களைக் குழந்தை குட்டிகளோடு மேட்டில் ஏற்றிவிட்டு, கடப்பாரையோடு ஆட்களை அழைத்துவந்ததும் அவர்தான். ஓரத்திலிருந்து ஒவ்வொரு கல்லாக நெம்பினார்கள். முதலில் கை அகலத் தண்ணீர். பிறகு ஒரே இரைச்சல். பறிக்காத கடலை அவ்வளவும் அவர் கண் முன்னாலேயே தண்ணீருக்குள் போயிற்று. ஊற்று அடங்கும்வரை குடிசைக்காரர்கள் நம் களத்திலேயே தங்கினார்கள். உங்கள் மகன் இன்னும் என்னோடு பேசவில்லை, ஆனால் அவர்களுக்கு அரிசி அளந்து போட்டது அவர்தான்.

அன்று எல்லாரும் போன பிறகும் சின்ன மாமா கரை மேலேயே நின்றார். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை தண்ணீரைப் பார்த்தார். "இது ஏரிதாம்மா. நான் ஒத்துக்கறேன்னு அவன்கிட்ட சொல்லிடு" என்றார். சொல்லிவிட்டேன் மாமா. இதைக் கேட்க நீங்கள் இல்லையே என்றுதான் எனக்கு ஆறவில்லை.

வேலூர்க் காகிதத்தில் மட்டும் இன்னும் அது குட்டைதான். கரை உடையவில்லையாம், அதனால் நான் சொன்னது பொய்யாம். போகட்டும். கலங்கல் மேல் இனி ஒரு கல்லும் ஏறாது. ஏரி வழிகிற வருஷமெல்லாம் முதல் தாம்பூலம் மேட்டு வீட்டுக்குப் போகும். உங்கள் மகன் அந்த மனுவில் கையெழுத்துப் போடும்வரை அவரை விடமாட்டேன். அஞ்சலையையும் கூட்டிக்கொண்டு போய், அவளை நிமிர்ந்து பார்த்து, கீழே குடியிருப்பு உண்டு என்று அந்த அதிகாரி எழுதுகிறவரை ஆபீஸ் வாசலை விட்டு நகரமாட்டேன். இது உங்கள் ஏரி மேல் சத்தியம்.

உங்கள் கல்லை எடுத்த மூத்த மருமகள்,
கனகம்