மூன்றில் ஒரு பங்கு கிணறு

12 மே 1994, வியாழன்
சோளகக் காற்று தொடங்கிவிட்டது. வீடெல்லாம் புழுதி. உயர்தர வகுப்புக்குப் பொருளியல் பாடம்: 'வறுமைக்கான காரணங்கள்'. புத்தகத்தில் ஐந்து. மண், மழை, சனத்தொகை, கல்வி, மூலதனம். அரசாங்கக் கந்தோர் என்ற சொல்லே இல்லை.

பின்னேரம் புத்தூரிலிருந்து தம்பி, சைக்கிளில். வெங்காயத்துக்கு இறைத்து ஆறு நாள். தண்ணீர் இறைக்கிற மெசினுக்கு மண்ணெண்ணெய் இல்லை. தோட்டக்காரருக்குக் கந்தோரில் தனியாகக் கொடுக்கிறார்களாம், படிவம் நிரப்பினால்.
"நீ படிச்சனீ. எழுதித் தா அக்கா."
காணி உறுதிப் பத்திரத்தைப் பார்த்து ஒழுங்காக எழுதினேன். கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு.

13, வெள்ளி
அரைநாள் லீவு. கந்தோர். வரிசை, வெயில். கிளாக்கர் படிவத்தைத் திருப்பித் தந்தார்.
"பங்குக் கிணறெண்டால் மூண்டு பங்காளியும் கையெழுத்து வைக்கவேணும், ரீச்சர்."
"ஒராள் கனடாவில."
"அப்ப கனடாவுக்கு அனுப்புங்கோ."
கடிதம் போய்வர இரண்டு மாதம். வெங்காயம் இன்னும் நாலு நாள் தாங்கினால் பெரிய காரியம்.
பின்னால் நின்ற கிழவர்: "ஆர் பிள்ளை உள்ளதை எழுதச் சொன்னது? நாங்கள் எல்லாரும் சொந்தக் கிணறெண்டுதான் போட்டது."
வரிசை முழுக்கச் சிரிப்பு. கிளாக்கரும் சிரித்தார். எனக்கு அவரில் வந்த கோபத்தைவிட என்னில் வந்தது கூட.

14, சனி
சவர்க்காரம் (கிடைத்தால்). அம்மாவின் மருந்து. விடைத்தாள் 32, ஒன்றும் தொடவில்லை.

புத்தூர். இரண்டாம் பங்கு பாக்கியம் மச்சாளுடையது. வேலித் தகராறில் தம்பியும் அவவும் ஒன்பது வருடமாகக் கதைப்பதில்லை. ஆனால் கிணற்றில் ஒருநாள் அவன், மறுநாள் அவ. மூன்றாம் பங்கான கனடாக்காரன் குகனின் முறையை மாறி மாறி எடுக்கிறார்கள். அப்பு காலத்து ஏற்பாடு, எழுத்தில் எதுவும் இல்லை. ஒருநாளும் பிசகியதில்லை.
"தம்பியார் அனுப்பினவரோ?"
"ஓம் மச்சாள்."
பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தா. "கதையில்லாட்டி என்ன, கிணறு ஒண்டுதானே."

குகனுடைய கையெழுத்து?
"நீயே போடு. சின்னனில அவனுக்கு எழுதப் பழக்கினது நீதானே" என்றான் தம்பி.
போட்டேன். ஒரே இழுப்பில் வந்தது. அதுதான் இப்போதும் உறுத்துகிறது.

16, திங்கள்
கிளாக்கர் மூன்று கையெழுத்தையும் விரலால் எண்ணினார். வெள்ளிக்கிழமை கனடாவில் இருந்தவன் திங்கட்கிழமைக்குள் எப்படிக் கையெழுத்து வைத்தான் என்று கேட்கவில்லை. முத்திரை.
"பாத்தியளே ரீச்சர், முறையாச் செய்தால் சுகம்."
ஒரு கிணற்றுக்கு ஒரு கான் மண்ணெண்ணெய். தம்பி சைக்கிளில் கட்டிக்கொண்டு போனான். அடுத்த பாடம் நான்தான் எடுக்கவேண்டும். அந்த ஐந்து காரணங்களையும் எந்த வாயால் சொல்வது?

17, செவ்வாய்
பள்ளி விட்டதும் புத்தூர். தூரத்திலேயே மெசின் சத்தம். நிம்மதியாக இருந்தது.
கிட்டப் போனால், தண்ணீர் எங்கள் பாத்திகளைத் தாண்டி மச்சாளின் பக்கம் ஓடுகிறது. எங்கள் வெங்காயம் அடிவரை மஞ்சள். தம்பிதான் மண்வெட்டியோடு நின்று வாய்க்காலைத் திருப்பிவிடுகிறான்.
"என்னடா இது?"
"இண்டைக்கு அவவின்ரை முறை, அக்கா."
"பதினொரு நாள் காஞ்சு கிடக்கு எங்கடை."
"அவவின்ரையும்தான்."
மச்சாள் அந்தப் பக்கம் குனிந்து பாத்தி கட்டுகிறா. நிமிரவில்லை.
நாளை எங்கள் முறை. காற்று இன்னும் விழவில்லை.