பஞ்சு வைத்த சாமான்

நவம்பர் 4

அன்புள்ள அம்மாவுக்கு,

தெருவில் கிடந்த ஒரு சோபாவை என் அறைக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். அதில் மூட்டைப்பூச்சி இருந்தது. இப்போது அது என் கட்டிலில் இருக்கிறது.

எதுவானாலும் நடந்ததை முதல் வரியில் சொல், அழுகையைப் பிறகு வைத்துக்கொள் என்பாய். சொல்லிவிட்டேன். இனி அழலாம் இல்லையா?

போனில் சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. என் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் சுவர் கிடையாது, வெறும் பலகைத் தடுப்பு. நான் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து நர்ஸ் அக்கா, "மாத்திரை வேணுமா?" என்று கேட்பார். இந்த வீட்டில் தமிழ் தெரிந்த இன்னொரு ஆள் அவர் மட்டும்தான். முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறார், எனக்குக் கையுறை கொடுத்தார் என்று சொன்னேனே, அவரேதான். நீ போனில் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அவரும் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார்.

என் அறையில் நாற்காலி இல்லை. கட்டிலில் குனிந்து உட்கார்ந்தே படித்து முதுகு போய்விட்டது. வாங்கலாம் என்றால் ஒரு நாற்காலி விலையில் நான் இரண்டு வாரம் சாப்பிடுவேன். அப்படி இருக்கும்போதுதான் வேலை முடிந்து வரும் வழியில், ஒரு வீட்டு வாசலில், 'வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம்' என்று சீட்டு ஒட்டி இந்த ஒற்றை ஆள் சோபா நின்றது. நான் உன் பிள்ளையம்மா, சும்மா எடுக்கவில்லை. காலை ஆட்டிப் பார்த்தேன். இணைப்புகளைத் தட்டிப் பார்த்தேன். உளுத்திருக்கிறதா என்று நகத்தால் கீறிப் பார்த்தேன். மரம் தேக்கு மாதிரி நின்றது. பஞ்சைப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத் தலையில் வைத்து மாடிக்கு ஏற்றிவிட்டேன்.

கொஞ்ச நாள் ராணி மாதிரி உட்கார்ந்து படித்தேன். பிறகு முழங்கையில் வரிசையாகத் தடிப்பு. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். நேற்றுத் தலையணை உறையைக் கழற்றினேன். மேலே எழுத முடியவில்லை.

சோபாவை அதே மாதிரி யாருக்கும் தெரியாமல் இறக்கி, இரண்டு தெரு தள்ளி வைத்துவிட்டு வந்தேன். காலையில் போய்ப் பார்த்தால் அதை யாரோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. வெளியிலிருந்து பழைய சாமான் கொண்டுவரக் கூடாது. அதனால் பூச்சி வந்தால் கொண்டுவந்தவர் செலவில் வீடு முழுக்க மருந்து அடிக்க வேண்டும், முன்பணம் திரும்பாது, வீட்டையும் காலி செய்ய வேண்டும். வெளியே தண்ணீர் உறைகிற குளிர். எங்கே போவேன் அம்மா? சீக்கிரம் எழுது.

பயத்தோடு,
பாப்பா


நவம்பர் 5

பாப்பாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

கடை பில்லின் பின்பக்கத்தில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். எழுத்து மங்கலாக இருந்தால் பெரிதாக்கிப் படி.

முதலில் திட்டிவிடுகிறேன். உடைந்த கட்டில் ஒன்றை வாங்கிச் சரிபண்ணி விற்றதில் ஆரம்பித்த கடை இது. பழைய கட்டிலும் பீரோவும் விற்ற காசில்தான் உன்னை விமானம் ஏற்றினேன். மெத்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, கொடுக்கிற விலைக்கு எடுத்துக்கோங்க என்று கெஞ்சுகிறவர்களை வாசற்படியோடு திருப்பி அனுப்புவேன். பஞ்சு வைத்த சாமானை அம்மா ஏன் கடைக்குள் விடுவதில்லை என்று நீ ஒரு நாளாவது கேட்டிருக்கிறாயா? ஓசி என்றதும் கண்ணை மறைத்துவிட்டது. வெளியே வைத்தாயே, துணியைக் கிழித்துவிட்டு வைக்கக் கூடாதா? கிழிந்ததை எவனும் தொடமாட்டான். இப்போது இன்னொரு வீட்டில் யாரோ அதில் ராணி மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். சரி, திட்டு முடிந்தது.

இனி வேலையைப் பார். துணி முழுவதையும் பையில் போட்டுக் கட்டி, இருக்கிற சூட்டிலேயே அதிகச் சூட்டில் துவை. துவைத்ததையும் பையிலேயே கட்டி வை. கட்டிலைத் தடுப்பிலிருந்து தள்ளிப் போடு. கட்டில் இடுக்குகளில் கொதிக்கிற தண்ணீரை ஊற்று, ஒருநாள் ஊற்றிவிட்டு விடாதே, தினமும் ஊற்று. மருந்து கிருந்து வாங்கி நீயே அடிக்காதே, மூடின அறை, மூச்சு முட்டும்.

அடுத்தது பேச்சு. வாயைத் திறக்காதே. நீ ஏற்றினதை யாரும் பார்க்கவில்லை, இறக்கினதையும் பார்க்கவில்லை. சாமானும் இப்போது இல்லை. யாராவது கேட்டால், எனக்கும்தான் கடிக்கிறது என்று சொல். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம்.

சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டேன். சாப்பிட்டிருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அம்மா


நவம்பர் 12

அன்புள்ள அம்மாவுக்கு,

பூச்சி தடுப்பைத் தாண்டி நர்ஸ் அக்கா அறைக்குப் போய்விட்டது. பழியும் அவர்மேல் விழுந்துவிட்டது.

நேற்று வீட்டுக்காரர் டார்ச்சோடு வந்து ஒவ்வொரு அறையாகப் பார்த்தார். என் அறையை நீ சொன்னபடி கழுவித் துடைத்து வைத்திருந்தேன், இரண்டு மூன்றுதான் கிடைத்தது. அக்கா அறையில் தடுப்போரம் முழுக்க இருந்ததாம். எல்லாரையும் சமையலறைக்குக் கூப்பிட்டார். இங்கே ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறவன் ஒருத்தன் இருக்கிறான், அவன் பெயரே எங்களுக்கு 'ஆராய்ச்சி'தான். பால் திரிந்தால்கூடக் காரணம் சொல்வான். முதியோர் இல்லத்தில் அத்தனை மெத்தை இருக்கும், சீருடையில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்றான். எல்லாரும் தலையாட்டினார்கள்.

அக்கா வேலைக்குக் கிளம்பின கோலத்தில், அதே சீருடையில் நின்றார். இல்லத்தில் வாரா வாரம் சோதனை செய்கிறார்கள், அங்கே ஒன்றுமே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். யாரும் கேட்கவில்லை. கடைசியில் என் பக்கம் திரும்பித் தமிழில், "பாப்பா, நீ சொல்லேன். பக்கத்துலயே இருக்கியே, நான் எதையாவது உள்ளே கொண்டாந்து பார்த்தியா?" என்றார்.

"எனக்கும்தான் கடிக்குது" என்றேன்.

நீ சொல்லிக் கொடுத்த வார்த்தை அம்மா. அப்படியே வந்துவிட்டது.

மாதக் கடைசிக்குள் அவர் காலி செய்ய வேண்டுமாம். இல்லத்துக்கும் போன் செய்து சொல்லப் போகிறாராம் வீட்டுக்காரர். சொன்னால் அவரை வேலைக்கு வராதே என்பார்கள். அந்த வேலையைக் காட்டித்தான் அவருக்கு இந்த நாட்டில் இருக்கவே அனுமதி.

விளக்கை அணைக்கப் பயமாக இருக்கிறது. அந்தப் பக்கம் அவர் பெட்டியில் துணி அடுக்குகிற சத்தம் கேட்கிறது. நான் மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விடுகிறேன். சொல்லிவிடட்டுமா?

பாப்பா


நவம்பர் 13

பாப்பாவுக்கு,

வேண்டாம். சொல்லாதே.

இங்கே எந்தச் சிக்கல் வந்தாலும் கடைத்தெருவில் யாரையாவது பிடித்து முடித்துவிடுவேன். அங்கே எனக்கு ஓர் ஆளைத் தெரியாது. உன்னைப் பெட்டியோடு வெளியே நிறுத்தினால் நான் என்ன செய்வேன்? அவர் வயதில் மூத்தவர், நாலு இடம் பார்த்தவர், எப்படியாவது சமாளிப்பார். நீ படிக்கிற பிள்ளை.

இன்று ஒரு பீரோவை வாங்கின விலைக்கும் கீழே விற்றுவிட்டேன். வாங்கினவரே பயந்துபோய், உடம்பு சரியில்லையா அக்கா என்று கேட்டுவிட்டுத்தான் பணம் கொடுத்தார்.

அந்த நர்ஸுக்குப் போக இடம் இருக்கிறதா? அதை மட்டும் விசாரித்து எழுது.

அம்மா


நவம்பர் 19

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம், நீ நலமா? இங்கே குளிர் கூடியிருக்கிறது. முட்டை விலை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அலுவலகம் துடைக்கிற வேலையில் சனிக்கிழமை கூடுதல் நேரம் கொடுத்திருக்கிறார்கள். போன பரீட்சையில் மதிப்பெண் பரவாயில்லை.

நர்ஸ் அக்கா போய்விட்டார். மாதக் கடைசி வரைக்கும் வாடகை கொடுத்திருந்தும் இருக்கவில்லை. தன் கெட்டிலை என் கதவருகில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். என்னுடையது ஒழுகுவது அவருக்குத் தெரியும். எங்கே போனார் என்று தெரியவில்லை.

பூச்சி ஆராய்ச்சியின் அறைக்கும் போய்விட்டது. எனக்கு அது இல்லாத இடத்திலும் ஊர்கிற மாதிரி இருக்கிறது. வகுப்பில் சட்டைக் கையை உதறிக்கொண்டே இருந்தேன் போலிருக்கிறது, பக்கத்தில் உட்காருகிறவள் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள்.

மற்றபடி எல்லாம் நலம். கவலைப்படாதே.

பாப்பா


நவம்பர் 20

பாப்பாவுக்கு,

பொய் எழுதியிருக்கிறாய். முட்டை விலையை மேலே வைத்து அந்தப் பெண்ணை அடியில் ஒளித்திருக்கிறாய். நல்ல தக்காளியை மேலே அடுக்குகிறவர்களிடம் வாங்கி வாங்கி எனக்குப் பழக்கம். அவர் எங்கே இருக்கிறார் என்று உனக்குத் தெரியும்.

சொல்லாதே என்று நான் எழுதினது யோசனை இல்லை பாப்பா, பயம். பயத்தை யோசனை மாதிரிப் பொட்டலம் கட்டி அனுப்பிவிட்டேன். அம்மா கொடுத்தது என்று நீயும் பிரித்துப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாய். இப்போதும் பயம்தான். இந்தக் காகிதம் மூன்றாவது, முன்னால் எழுதின இரண்டையும் கிழித்துப் போட்டேன். ஆனாலும் போய்ச் சொல்.

முதலில் அவரிடம். அழாதே. நீ அழுதால் அவர் உனக்கு ஆறுதல் சொல்ல வேண்டிவரும், அது அவர் வேலை இல்லை.

பிறகு வீட்டுக்காரரிடம். கத்துவார், கத்தட்டும். உன்னைத் துரத்தினால் அவருக்கு இரண்டு அறை காலி, பூச்சி வீடு என்ற பெயர் வேறு. இந்தக் குளிரில் யார் குடிவருவார்கள்? இருந்து மாசா மாசம் கட்டுகிற ஆளால்தான் அவருக்கு லாபம். அது அவருக்கே உறைக்கிற வரைக்கும் நீ பேசாமல் நில். தொகையை நீ முதலில் சொல்லாதே. மருந்தடிக்கிறவன் அறைக்கு இவ்வளவு என்பான், ஒப்புக்கொள்ளாதே, வீட்டுக்கு மொத்தமாகக் கேள். அந்தப் பெண்மேல் தப்பில்லை என்று இல்லத்துக்கு எழுதிக் கொடுத்த பிறகுதான் முதல் காசு. அதற்கு முன்னால் கையை மடியிலிருந்து எடுக்காதே. கடைக்கு வேன் வாங்கச் சேர்த்து வைத்திருந்தேன், இந்த வருஷம் வாங்கவில்லை, அந்தப் பணம் இருக்கிறது.

வீட்டுக்காரரிடம் எவ்வளவு வேண்டுமானாலும் பேரம் பேசு. அந்தப் பெண் என்ன கேட்டாலும் பேரம் பேசாதே.

அம்மா


நவம்பர் 27

அன்புள்ள அம்மாவுக்கு,

சொல்லிவிட்டேன். இரண்டு பேரிடமும்.

அவர் எங்கே இருந்தார் என்று எனக்குத் தெரியும்தான். பஸ் நிலையத்துக் காத்திருப்பு அறையில் தன் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்ததை வேலைக்குப் போகும்போது பார்த்தேன். என்னைப் பார்த்துவிடுவாரோ என்று பஸ்ஸுக்குள் குனிந்துகொண்டேன். இல்லத்தில் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அறை கேட்கப் போன இடங்களில் முந்தின வீட்டுக்காரரை விசாரித்துவிட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள்.

உன் கடிதம் வந்த அன்றைக்கே கெட்டிலை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். சோபா, தடுப்பு, சமையலறை, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அழவில்லை. அவர் கெட்டிலின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு, "அன்னைக்கு உன்னைக் கேட்டேனே, அப்பவே தெரியுமா உனக்கு?" என்றார்.

"தெரியும்" என்றேன்.

பெட்டிகளை எடுத்துக்கொண்டு என்கூட வீட்டுக்கு வந்தார். நான் பேசி முடிக்கிற வரைக்கும் கதவருகில் நின்றார்.

வீட்டுக்காரர் போலீஸ் என்றார், கல்லூரிக்கு எழுதுவேன் என்றார். நான் பயத்தில் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை. காலி அறைப் பக்கம் ஒருதரம் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தார். ஆராய்ச்சி மட்டும், தனக்கு அப்போதே சந்தேகம் இருந்தது என்றான்.

இல்லத்துக்குக் கடிதத்தை வீட்டுக்காரர் எங்கள் கண்முன்னால் எழுதி அனுப்பினார். அதன் பிறகுதான் முதல் தவணையைக் கொடுத்தேன். இல்லத்தில் அவரை மறுபடி வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். அவர் தன் பழைய அறைக்கே வந்துவிட்டார். என் அறைக்கு ஜன்னல் இருக்கிறது, நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன், வேண்டாம் என்றார். நேற்று மருந்து நெடியில் அடுக்கடுக்காகத் தும்மினேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

முடிவானதை எழுதுகிறேன். மருந்துச் செலவு முழுவதும் என்னுடையது, வீட்டுக்கு மொத்த விலை, ஆறு மாதத் தவணை. முன்பணத்தில் பாதி போனது போனதுதான். படிப்பு முடிகிற வரைக்கும் நான் இங்கே இருக்கலாம். அவர் வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளத்தையும் நான் தருகிறேன், அதை அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவராகக் கேட்டது ஒன்றுதான். "இனிமே என்னை அக்கான்னு கூப்பிடாதே."

பேரம் பேசாதே என்று எழுதியிருந்தாய். சரி என்று சொல்லிவிட்டேன்.

பாப்பா