காலி வண்டியில் எடுத்த அளவு

மார்ச் 4, புதன்

காலையில் காரின் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, ஒரு கையில் ஸ்கேலும் மறு கையில் நூலில் கட்டித் தொங்கவிட்ட நட்டுமாக இருந்தபோது மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார்.

"என்னம்மா, தோடு விழுந்துடுச்சா?"

ஆமாம் என்றேன். பாவம், அவரும் குனிந்து கொஞ்ச நேரம் தேடினார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். போன மாதம் ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தாழ்த்தினேன் சார். அன்றிலிருந்து சக்கரங்கள் உள்ளே ஒடுங்கி, அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்ட தம்பி மாதிரி நிற்கின்றன. டயருக்கும் அதன்மேல் வளைந்து நிற்கும் ஃபெண்டர் தகட்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்கிறேன் சார்.

இதைச் சொல்வதைவிட இல்லாத தோட்டைத் தேடுவது எளிதாக இருந்தது.

மார்ச் 8, ஞாயிறு

ஆஃப்செட் என்று ஓர் எண். சக்கரத்தை அச்சில் மாட்டினால் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே உட்காரும் என்று சொல்லும் எண். குறைந்தால் வெளியே வரும், கூடினால் உள்ளே போகும். அவ்வளவுதான். இந்த இரண்டு வாக்கியத்தைப் புரிந்துகொள்ள இணையத்தில் எத்தனை பேருடைய சண்டையைப் படித்தேன் என்று வெளியே சொல்ல முடியாது.

அச்சகத்தில் பிழை திருத்துகிறவள் நான். எழுத்து ஓரத்தை விட்டு மயிரிழை நகர்ந்தாலும் கண்ணில் குத்தும். அதனால் எனக்கு இது தொழில் வியாதி என்று சொல்லிக்கொள்கிறேன். படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு நாவல் கவிழ்ந்து கிடக்கிறது. கதாநாயகி ரயிலடியில் காத்திருக்கிறாள். டயர் விஷயம் முடிகிறவரை அந்த ரயில் வராது.

மார்ச் 14, சனி

புதுச் சக்கரங்கள் மாட்டியாகிவிட்டது.

டயர் கடைக்காரரை எல்லாரும் அலைன்மென்ட் அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் கொண்டுபோன அளவுகளை அவர் மரியாதைக்காக ஒரு தரம் பார்த்தார்.

"தங்கச்சி, பதினேழு இஞ்ச் போடுங்க. அகலத்தையும் ஏத்துங்க. தகட்டோட ஒட்டி நச்சுனு நிக்கும். ரோட்டுல போறவன் திரும்பிப் பாக்கலைன்னா என் பேரை மாத்திக்கிறேன்."

"உங்க பேரே எனக்குத் தெரியாதேண்ணே."

"அதான், மாத்தறது சுலபம்."

பிறகு ஆஃப்செட்டைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்று கேட்டார். "பின் சீட்டுல ஆள் உக்காருவாங்களா?"

"இல்லண்ணே. நான் ஒருத்திதான்."

அதைச் சொன்னபோது எனக்கு ஒரு மிடுக்கு வந்தது. தனியாக வாழ்ந்து, தனியாக ஓட்டி, தனியாகவே எங்கோ போய்ச் சேரும் பெண் மாதிரி. ஓட்டி வந்து சேர்ந்தது வீட்டுக்குத்தான். கதவைத் திறந்தது அம்மா.

மார்ச் 15, ஞாயிறு

ஜன்னல் வழியாக அடிக்கடி எட்டிப் பார்க்கிறேன். இருக்கிறது. அழகாக இருக்கிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 20, வெள்ளி

அம்மா இன்றுதான் கவனித்தாள். வாசலில் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"என்னடி, சக்கரம் வெளியே வந்து நிக்குது? கழண்டுடுமா?"

"அதான்மா ஸ்டைல்."

"தவளை குந்திக்கிட்டு இருக்கிற மாதிரி இருக்கு."

இனி வண்டிக்குத் தவளை என்றுதான் பெயர். அம்மா வைத்த பெயர் லேசில் போகாது. அவள் தலைமையாசிரியை. ஒரு தரம் சொன்னால் பள்ளிக்கூடமே அதையே சொல்லும்.

இன்னொரு செய்தி: இத்தனை காலம் அம்மாவைத் தன் காரில் கூட்டிப்போன கணக்கு டீச்சருக்கு மாற்றல் வந்துவிட்டது. "திங்கக்கிழமையிலிருந்து உன் தவளைலதான் வரப்போறேன். வழியிலதானே உன் ஆபீஸ்?" வழியில்தான். எங்கள் வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர்தான். அன்று கடையில் அந்த இன்னொரு ஆள் எப்படி என் ஞாபகத்துக்கு வராமல் போனாள்?

சரி. ஒரே ஆள்தானே கூடுகிறது. என்ன ஆகிவிடப் போகிறது.

மார்ச் 23, திங்கள்

ஆகிவிட்டது.

அம்மா முன் சீட்டில் உட்கார மாட்டாள். "முன்னாடி உட்கார்ந்தா நீ ஓட்டுறதைப் பாக்கணும். பின்னாடின்னா கண்ணை மூடிக்கிட்டு சாமியைக் கும்பிட்டா போதும்." பின்னால் இடது பக்கம் ஏறினாள். வண்டி அந்தப் பக்கம் லேசாகத் தணிந்தது. நான் அதைக் கவனித்தேன், கவனிக்காத மாதிரி ரேடியோவைத் திருகினேன்.

பள்ளி வாசலுக்கு முன்னால் வேகத்தடை. ஏறி இறங்கியதும் பின்னால் இருந்து — கர்ர்ர்ர். தகடு டயரில் உட்கார்ந்து உரசுகிற சத்தம். வாசலில் நின்ற பிள்ளைகள் அத்தனை பேரும் திரும்பினார்கள். ரோட்டில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான் என்று அண்ணன் சொன்னது பலித்தது.

"என்னடி சத்தம்?"

"கல்லு ஏதோ மாட்டிக்கிச்சும்மா."

அடுத்த தடையிலும் அதே கல். அம்மா இறங்கிக்கொண்டாள். நான் வண்டியைத் திருப்பி, அதே தடைமேல் ஏறி இறங்கி வெளியே வந்தேன். சத்தமே இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். அம்மா படிக்கட்டில் ஏறாமல் நின்று என் வண்டிக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் சொன்னாள், "நாளையிலிருந்து பஸ்ல போறேன். நடந்த மாதிரியும் இருக்கும்." கொஞ்ச நேரம் கழித்து, வேறு ஏதோ பேசுகிற குரலில், "நான் ஏறினாத்தான் கத்துது, இல்ல?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்றேன். ஒரு வாக்கியத்தில் இத்தனை பொய்யை அடக்கியதற்கு யாராவது எனக்குப் பரிசு தரவேண்டும்.

மார்ச் 26, வியாழன்

அம்மா பருமன். அதை அவள் ஒரு நாளும் குறையாக நினைத்ததில்லை. "நான் வராண்டாவுல நடந்தா மூணு கிளாஸ் தானா அடங்கும்" என்பாள். அவளுடைய உடம்பே பாதி அதிகாரம். அந்த உடம்பை என் வண்டி, அவளுடைய பிள்ளைகள் எதிரிலேயே, சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிட்டது.

எங்கே உரசுகிறது என்று தெரியவேண்டும். அதற்கு அம்மா வேண்டும். அம்மாவைக் கேட்க முடியாது. அம்மாவின் எடையையும் கேட்க முடியாது. அதனால் என் அலமாரியைக் காலி செய்து புத்தகங்களைப் பின் சீட்டில் அடுக்கினேன். கலைக்களஞ்சியம் இடுப்புப் பகுதிக்கு. வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்தத் தொகுதிகள் இன்றுதான் உபயோகப்பட்டன.

மாடி வீட்டுக்காரர்: "வீடு மாத்தறீங்களாம்மா?"

"ஆமாம் சார்."

"தோடு கிடைச்சுதா?"

"கிடைச்சுது சார்."

வாங்கி ஒரு நாளும் பூசாத லிப்ஸ்டிக்கைத் தகட்டின் உள் ஓரத்தில் தடவிவிட்டு, தெருமுனைத் தடையில் ஏறி இறங்கினேன். கர்ர்ர்ர். இறங்கிப் பார்த்தால் டயரின் தோள்பட்டையில் நல்ல சிவப்பில் ஒரு கோடு. அந்த நிறம் எனக்கு எடுக்காது என்று நினைத்திருந்தேன். டயருக்கு எடுக்கிறது.

மார்ச் 28, சனி

"நீங்கதானே ஒத்தை ஆள்னு சொன்னீங்க?" என்றார் அலைன்மென்ட் அண்ணன். நான் சொன்னதுதான், அதனால் கோபம் வந்தது.

"இப்ப என்ன பண்ணலாம்னு சொல்லுங்கண்ணே."

"ஸ்பிரிங்கை இன்னும் விறைப்பா போட்டுடலாம்."

"அம்மாவுக்கு இடுப்பு வலி."

"அம்மாவை முன்னாடி உக்கார வைங்க."

"உக்கார மாட்டாங்க."

"அப்ப அம்மாவை மாத்த முடியுமா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் எழுந்து, தகட்டின் உள் ஓரத்தைச் சூடாக்கி மேலே மடக்கிவிட்டார். பெயின்ட் வெடித்தது. பின் சீட்டுப் புத்தகங்களோடு ஓட்டிப் பார்த்தோம். நேராகப் போனால் சத்தமில்லை. திரும்பும்போது புத்தகமெல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்தது, மறுபடி உரசல்.

"புக்கு சரியுது தங்கச்சி. அம்மா சரிய மாட்டாங்க."

"அம்மாவும் சரிவாங்கண்ணே. மனுஷங்க சரிவாங்க."

சக்கரத்தை மாற்றலாமா என்று அவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இருவரும் ஒரே சமயத்தில் அதன் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மார்ச் 31, செவ்வாய்

அம்மாவின் சாப்பாட்டு டப்பா கனமாகத் திரும்பி வந்தது. நேற்றும் அப்படித்தான். இரவு தட்டில் பாதிக்கும் குறைவு. "பசிக்கலடி."

துடைப்பம் எடுக்கப் போனால் கதவுக்குப் பின்னால் புது எடை மெஷின். அட்டைப்பெட்டியைக்கூட மடித்து ஒளித்து வைத்திருக்கிறாள். எதற்கும் ஒளியாத அம்மா —

அடிப்பாவி. என்னடி பண்ணி வெச்சிருக்க நீ? பட்டினி கிடக்கறாங்கடி. பஸ்ல நின்னுக்கிட்டே போயிட்டு, பிள்ளைங்க கிட்ட கத்திட்டு, சாப்பிடாம திரும்பி வர்றாங்க. எதுக்கு? உன் டயர் ஓரத்துல நிக்கணும்னு. சுண்டுவிரல் இடைவெளி வேணும்னு. ஸ்டைலாம் ஸ்டைல்.

ஏப்ரல் 4, சனி

கடையில் யாரோ கழற்றிவிட்டுப்போன பதினாறு இஞ்ச் சக்கரங்கள் இருந்தன. அகலம் குறைவு, ஆஃப்செட் கூடுதல். அதாவது நன்றாக உள்ளே போய் உட்காரும். டயரும் ஒல்லி.

"அழகு போயிடுமே தங்கச்சி" என்றார் அண்ணன், துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி. பிறகு பழக்கத்தில் கேட்டார், "பின்னாடி ஆள் உக்காருவாங்களா?"

"ஆமாண்ணே. அம்மா."

மாட்டி முடித்ததும், புத்தகம் வேண்டாம் என்று தன் ஆட்கள் இருவரோடு அவரே பின் சீட்டில் ஏறிக்கொண்டார். மூன்று பேரும் வேண்டுமென்றே இடதும் வலதுமாகச் சாய்ந்தார்கள். கடைத்தெரு முழுக்க எல்லாத் தடையிலும் ஏற்றி இறக்கினேன். அவர்கள் சிரிப்பைத் தவிர வேறு சத்தமில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். மறுபடியும் அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்ட தம்பி. போதாததற்குத் தகட்டில் வெடித்த பெயின்ட் வேறு.

ஏப்ரல் 6, திங்கள்

நல்ல மழை. பஸ் வராது என்று நானே செய்தி வாசித்து அம்மாவை ஏற்றினேன். அவள் சக்கரத்தைப் பார்க்கவில்லை, குடையைத்தான் பார்த்தாள்.

பள்ளி வாசல் நெருங்கியது. கண்ணாடியில் பார்த்தேன். அம்மா மேலே இருக்கும் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சை அடக்கி, சீட்டிலிருந்து தன்னை மேலே தூக்கிக்கொண்டிருந்தாள். வண்டிக்குப் பாரம் தெரியக் கூடாதென்று.

ஏறினோம். இறங்கினோம். மழைச் சத்தம் மட்டும்.

அம்மா மெதுவாக உட்கார்ந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியா? எளைச்சிருக்கேன்!"

"ஆமாம்மா" என்றேன். இனி என்னை யாரும் எதற்கும் நம்பக் கூடாது.

ஏப்ரல் 7, செவ்வாய்

டப்பா இன்றும் கனம். "இன்னும் கொஞ்சம் குறைச்சுட்டா நல்லதுடி. நாளைக்கு நீ வேற யாரையாவது ஏத்தணும்னா?"

ஏப்ரல் 8, புதன்

சொல்லிவிட்டேன்.

சாப்பிடும்போது. தட்டு டயர், மேசை விளிம்பு தகடு என்று வைத்து, தட்டை வெளியே தள்ளி, உள்ளே இழுத்துக் காட்டினேன்.

"எனக்குப் பாடம் நடத்தாதே" என்றாள். "சத்தம் நின்னது சக்கரம் மாத்தினதாலயா, நான் எளைச்சதாலயா?"

"சக்கரம்மா."

"அப்ப நான் பட்டினி கிடந்தது?"

"... வீண்."

"சொல்லித் தொலைச்சிருக்கலாமே, பாவி! ஸ்கூல்ல ஒருத்தருக்குப் பொறந்தநாள், கேக் வெட்டினாங்க, நான் வேணாம்னு சொன்னேன்!"

இதோடு தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கேட்டாள், "முதல்ல அளந்தியே, எப்படி அளந்தே? காலி வண்டியிலயா?"

"ஆமா."

"ஏன்? நான் வீட்டுலதானே இருந்தேன். கூப்பிட்டிருந்தா வந்து உக்காந்திருப்பேனே."

கடைக்காரர் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் அப்போதுதான் சொன்னேன். நான் ஒருத்திதான் என்று. அம்மா எழுந்து போய் இரண்டாம் தரம் பரிமாறிக்கொண்டு வந்து, கடைசி வாய் வரை நிதானமாகச் சாப்பிட்டாள். எனக்குத்தான் இறங்கவில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

காலையில் நான் கூப்பிடவில்லை. வண்டியைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போய்ப் பையோடு திரும்பினால், பின் சீட்டில் இடது பக்கம் அம்மா ஏற்கெனவே உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாள். பள்ளி வரை அதை மடிக்கவில்லை. பள்ளியில் இறங்கும்போது மட்டும், "கதவை மெதுவா சாத்தறேன். பெயின்ட் உதிரப் போகுது."

ஏப்ரல் 17, வெள்ளி

அம்மா தவளைக்கு ஆள் சேர்க்கிறாள். இந்த வாரத்திலிருந்து ஓவிய டீச்சரும் நூலகரும் ஏறுகிறார்கள். மூன்று பேரும் பின் சீட்டில்தான். முன் சீட்டில் அவர்களுடைய பைகள். அம்மா போட்ட ஏற்பாடு, எதிர்த்துப் பேச ஆளில்லை. நான்கு பேர் குரலில் ரேடியோ கேட்பதில்லை. நூலகர் நான் படித்ததையெல்லாம் படித்திருக்கிறார், படித்ததோடு நிறுத்தாமல் பேசவும் பேசுகிறார்.

பள்ளி வாசல். வண்டி பின்னால் நன்றாகத் தணிந்திருந்தது. தடைமேல் ஏறி இறங்கினேன்.

கர்ர்ர்ர்!

பதறிப்போய் பிரேக்கை மிதித்துவிட்டேன். வாசலில் பிள்ளைகள் திரும்பினார்கள். அளவெல்லாம் மனதில் ஓடியது — மூன்று பேரை வைத்துப் பார்த்தோமே, சாய்ந்துகூடப் பார்த்தோமே.

கண்ணாடியில் பார்த்தேன். ஓவிய டீச்சரும் நூலகரும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். நடுவில் அம்மா, தலைமையாசிரியை முகத்தோடு, வாயை அப்போதுதான் மூடினாள்.

"ஓட்டுடி" என்றாள். "கல்லு ஏதோ மாட்டிக்கிச்சு."