பெயர் வைக்க வந்த அண்ணி

கோலோவாய்,
புதன்கிழமை.

அன்புள்ள ஃபிலிமோனேவுக்கு சீலியா எழுதுவது.

கர்த்தர் கிருபையால் நானும் உங்கள் மகளும் உங்கள் அக்காவும் சுகம். ஆஸ்திரேலியாவில் நீங்களும், உங்களோடு வேலை செய்யும் நம்மூர் ஆட்களும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். காலையில் திராட்சைக் கொடியைத் தொட்டால் விரல் மரத்துப் போகிறது என்று சொன்னீர்களே, கையுறை வாங்கினீர்களா? பக்கத்து வீட்டு மோசெசே அண்ணனின் மருமகன் பௌலியாசி அடுத்த வாரம் அங்கே திராட்சை பறிக்க வருகிறார். அவரிடம் இந்தக் கடிதத்தையும், உங்களுக்குப் பிடித்த தேங்காய் எண்ணெயையும் கொடுத்தனுப்புகிறேன். அவர் கிளம்ப இன்னும் நாள் இருப்பதால் விட்டு விட்டு எழுதுவேன். கோர்வையாக இருக்காது.

ஞாயிறுதோறும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போன் இப்போது உங்கள் அக்கா கையில். போன வாரம் நீங்கள் கண்குளிரப் பார்த்தது அண்ணியின் நெற்றியையும் நம் வீட்டு உத்திரத்தையும்தான். நடுவில் சிவப்பாக ஒன்று வந்து போனதே, அது உங்கள் மகளின் முழங்கால். அண்ணி பக்கத்தில் நின்றால் நான் மழையைப் பற்றி மட்டும்தான் பேச முடியும். அதனால்தான் மழையைப் பற்றி அவ்வளவு பேசினேன்.

உங்கள் மகளைப் பற்றிச் சொல்கிறேன். பாதம் அப்படியே உங்களுடையது, பெருவிரல் மற்ற விரல்களோடு சண்டை போட்டதுபோல் தள்ளி நிற்கிறது. குரலும் உங்களுடையதுதான். பசித்தால் தெருக்கோடி வரை கேட்கிறது. தொப்பி போட்டால் பிடிக்காது. குளிப்பாட்டினால் பிடிக்கும், துடைத்தால் பிடிக்காது. பன்றியைப் பார்த்தால் சிரிக்கிறாள், பாதிரியாரைப் பார்த்தால் அழுகிறாள். என்னைப் பார்த்தால் வாயைத் திறக்கிறாள், அவ்வளவுதான் எனக்கு மரியாதை. இரண்டு நாளாகத் தன் கை தன்னுடையது என்று கண்டுபிடித்து, அதை முழுசாக வாய்க்குள் திணிக்கப் பார்க்கிறாள்.

இன்னும் பெயர் இல்லை. நம் வழக்கப்படி அப்பாவின் அக்காதான் வைக்க வேண்டும், அவர் வைக்கவில்லை. கேட்டால், 'பேரு தானா வரணும் சீலியா. கடையில போய் வாங்கிட்டு வர்ற சாமானா அது?' என்கிறார். வருகிற ஞாயிறு ஞானஸ்நானம். அன்றைக்காவது வந்துவிடும் என்று பார்க்கிறேன். அதுவரை ஊரார் வாய்க்கு வந்தபடி கூப்பிடுகிறார்கள். மோசெசே அண்ணன் வேலியில் சாய்ந்துகொண்டு, 'என்னம்மா, இவளுக்கு இன்னும் பேப்பர் வரலியா? விசா கிடைக்காம நிக்கிறாளா?' என்று தினமும் கேட்கிறார்.

அண்ணியைப் பற்றிக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். வவாவு தீவிலிருந்து படகில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தவர், இறங்கிய கையோடு பாயைச் சுருட்டி வைத்துவிட்டு அடுப்படிக்குள் நுழைந்தார். இன்று வரை நான் ஒரு கிழங்கு உரித்ததில்லை. தேங்காய்ப்பாலில் மீனை வேக வைத்து, 'குடி, குடி, பால் ஊறணும்' என்று முன்னால் உட்கார்ந்துகொள்கிறார். நான் கன்றுக்குட்டி மாதிரி குடித்துவிட்டு நிமிர்ந்தால் அடுத்த கிண்ணம் வந்திருக்கும். நீங்கள் வரும்போது வாசல் எனக்குப் போதாது.

போன ஞாயிறு நடந்ததைக் கேளுங்கள். சனிக்கிழமை முழுவதும் மழை, பிள்ளையின் துணி எதுவும் காயவில்லை. ஞாயிற்றுக்கிழமை துவைத்து வெளியே போட்டால் ஊர் என்ன சொல்லும் என்று அறைக்குள்ளேயே கயிறு கட்டினேன். அண்ணி பார்த்துவிட்டார். 'ஓய்வு நாள்ல கொடி கட்டுற வீடா இது? எங்க அம்மா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாங்க?' என்று ஒரு பிரசங்கம். உங்கள் மகளும் கவனமாகக் கேட்டாள், கேட்டுவிட்டு மிச்சமிருந்த துணிகள் அத்தனையையும் ஒரே காலையில் தீர்த்தாள். நான் கோயிலுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், நம் வீட்டுப் பின்பக்கம், ஈரப்பலா மரங்களின் மறைவில், அண்ணியே துவைத்து அண்ணியே காயப்போட்டிருக்கிறார். நான் ஏன் என்று கேட்கவில்லை.

கேட்டது பன்றிதான். வந்து ஒரு துணியை இழுத்துக்கொண்டு நேராகத் தெருவுக்கு ஓடியது. கோயில் விட்டு எல்லோரும் வந்துகொண்டிருக்கிறார்கள். பன்றி வாயில் வெள்ளைத் துணி, பின்னால் உங்கள் அக்கா, மரியாதைக்கு இடுப்பில் சுற்றிக் கட்டிய பாய் ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்க. மோசெசே அண்ணன் கோயில் மூப்பர் அல்லவா, நடுத்தெருவில் நின்றுகொண்டு, 'லோசெலி, ஓய்வு நாள்ல எங்க இந்த ஓட்டம்?' என்றார். 'இந்தப் பன்னிக்கு ஞானஸ்நானம் கொடுக்கப் போறேன், வழிய விடுங்க' என்று அண்ணி கத்திவிட்டு ஓடினார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. பிள்ளையும் என் தோளில் கிடந்து குலுங்கியது.

இப்போது போனில் சொல்ல முடியாததைச் சொல்கிறேன். இதற்காகத்தான் இந்தக் கடிதமே. உங்கள் அக்கா பெயர் வைக்க மட்டும் வரவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. குழந்தையையும் கேட்கத்தான் வந்திருக்கிறார்.

நானாகக் கற்பனை செய்யவில்லை. சின்னதாக ஒரு கொசுவலை தைக்கிறார். நம் வீட்டில்தான் பெரிய வலை இருக்கிறதே. முந்தாநாள் வவாவுக்குப் போன் செய்து தன் வீட்டுக்காரரிடம், 'அந்தச் சின்ன ரூமைக் காலி பண்ணி வைங்க. மீன் வலையெல்லாம் வெளிய எடுத்துப் போடுங்க, நாத்தம் போகட்டும்' என்று சொன்னதை என் காதால் கேட்டேன். இத்தனை வருடம் ஆகியும் அந்த வீட்டில் தொட்டில் ஆடவில்லை. தம்பி பிள்ளையைக் கேட்டு வாங்கி வளர்க்க நம் வழக்கத்தில் அவருக்கு உரிமை இருக்கிறது. நம்மில் அப்படி வளராதவர்கள் யார்? மோசெசே அண்ணனே அத்தை வீட்டில் வளர்ந்தவர்தான், என்ன குறைந்துபோனார்? இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும், அந்தக் கொசுவலையைப் பார்க்கும்போதெல்லாம் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் அக்கா கேட்டால் நீங்கள் மறுக்க மாட்டீர்கள். மறுக்கவும் முடியாது, அவர் உங்களுக்கு மூத்தவர். என்னாலும் முடியாது. இந்தக் கடிதம் வருவதற்குள் உங்களிடம் கேட்டுவிட்டால், உடனே சரி என்று சொல்லாமல், 'சீலியாகிட்டயும் ஒரு வார்த்தை கேளுக்கா' என்று மட்டும் சொல்லுங்கள். அது போதும்.

நீங்கள் விமானம் ஏறிய அன்று நடந்ததை நினைத்துக்கொள்கிறேன். போகிறவர் இருக்கிறவளைப் பார்த்து 'நோஃபோ ஆ' என்று சொல்ல வேண்டும், 'இரு' என்று. நான் உங்களுக்கு 'அலு ஆ' சொல்ல வேண்டும், 'போ' என்று. நீங்கள் தடுமாறிப்போய், இவ்வளவு பெரிய வயிற்றோடு நின்ற என்னைப் பார்த்து 'அலு ஆ' என்றீர்கள். கூட்டமே சிரித்தது. மோசெசே அண்ணன், 'பொண்டாட்டிய அனுப்பிட்டு நீ வீட்டுக்குப் போறியாடா?' என்று கேட்டார். அன்று நானும் சிரித்தேன். இப்போது துறைமுகத்தில் நின்று என் பிள்ளையைப் பார்த்து அந்த 'அலு ஆ'வை நான் சொல்ல வேண்டி வருமோ என்று பயமாக இருக்கிறது.

சனிக்கிழமை.

நேற்று ஒரு காரியம் செய்தேன், சரியா தப்பா என்று தெரியவில்லை.

மத்தியானம் அண்ணி பிள்ளையைத் தூங்க வைக்கப் போராடிக்கொண்டிருந்தார். பாட்டு, தட்டல், நடை, எதற்கும் அவள் மசியவில்லை. அது எப்படி என்று எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தும் இத்தனை நாளாக அண்ணிக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன், ஒரு அற்ப சந்தோஷம். நேற்று சொல்லிவிட்டேன். 'இடது காதோட மடலை மெதுவா தடவிக் கொடுங்க அண்ணி. வலது காதைத் தொட்டா முழிச்சுக்குவா. தலையணை ஆகாது. படகு ஆட்டம் ஒத்துக்கலேன்னா குப்புறப் போட்டு முதுகைத் தடவுங்க, நெஞ்சு மேல போட்டுக்கிட்டா இன்னும் நல்லது' என்றேன்.

படகு என்ற வார்த்தை என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை. அண்ணி நிமிர்ந்து பார்த்தார். 'இதெல்லாம் எனக்கு ஏன் சொல்றே?' என்று கேட்டார். 'தெரிஞ்சிருக்கட்டும்னுதான்' என்றேன். அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவேன் என்று தண்ணீர் எடுக்கிற சாக்கில் வெளியே வந்துவிட்டேன். திரும்பிப் போய்ப் பார்த்தேன். அண்ணி காதைத் தடவிக்கொண்டிருந்தார், பிள்ளை தூங்கியிருந்தாள். அவள் தூங்கிய பிறகும் அவர் கையை எடுக்கவில்லை.

நாளை ஞானஸ்நானம். அண்ணி தன் பெயரையே வைத்தால் எனக்குப் பதில் தெரிந்துவிடும். லோசெலி என்று வைத்தால் அவள் வவாவுப் பிள்ளை.

திங்கட்கிழமை.

எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள். சிரித்துக்கொண்டே எழுதுகிறேனா அழுதுகொண்டே எழுதுகிறேனா என்று கேட்காதீர்கள்.

நேற்று கோயில் நிறைந்த கூட்டம். உங்கள் மகள் வெள்ளைச் சட்டையில், தொப்பியோடு, அதனால் கோபத்தோடு வந்தாள். பாதிரியாரைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டாள். அந்தச் சத்தத்துக்கு நடுவே அவர் அண்ணியைப் பார்த்து, பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்டார். அண்ணி எழுந்து நின்று, கணீரென்று, 'நோஃபோ' என்றார்.

பாதிரியாருக்கு அரைகுறையாகத்தான் காதில் விழுந்தது. அண்ணி 'நோஃபோ ஆ' சொல்லி விடைபெற்றுக்கொண்டு கிளம்புகிறார் என்று நினைத்துவிட்டார். 'லோசெலி, இன்னும் தண்ணியே தெளிக்கல. அதுக்குள்ள எங்க கிளம்பிட்டே? உட்காரு' என்றார். கோயில் முழுக்கச் சிரிப்பு. மோசெசே அண்ணன் எட்டிப் பார்த்து, 'பன்னி ஏதும் உள்ள வந்துடுச்சா?' என்றார். அண்ணி அசையவில்லை. 'நான் கிளம்பல ஐயா. பிள்ளைக்குப் பேரே அதுதான். நோஃபோ. அவ இருக்கா' என்றார்.

அண்ணி திரும்பி என்னைப் பார்க்கவில்லை, பிள்ளையின் தொப்பியைக் கழற்றி அவளுடைய இடது காதைத் தடவினார். அவள் அழுகையை நிறுத்தினாள். பாதிரியார் தண்ணீர் தெளித்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். பிள்ளை அழாமல் அம்மா அழுத ஞானஸ்நானம் இதுதான் என்று ஊர் இன்னும் பேசுகிறது.

விருந்தெல்லாம் முடிந்து துணி மடிக்கும்போது அண்ணியே சொன்னார். 'கேக்கத்தான்மா வந்தேன். உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். மாட்டேன்னு நீ மூஞ்சிய திருப்பியிருந்தா, எனக்கும் வீம்பு வந்து கேட்டிருப்பேன். நீ என்னடான்னா காதைத் தடவச் சொல்லித் தரே. அப்படி நிக்கிறவகிட்ட வாங்கிட்டுப் போக எனக்குக் கை வரல' என்றார். நான் அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டேன். என் காதையும் கொஞ்சம் தடவினார். பிறகு, 'போதும் எழுந்திரு, துணியெல்லாம் ஈரமாகுது' என்றார்.

அந்தச் சின்ன அறையை மூடப்போவதில்லையாம். நடக்கத் தெரிந்ததும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வவாவுக்கு வந்து தங்க வேண்டும் என்று கட்டளை. கொசுவலையையும் கையோடு எடுத்துப் போய்விட்டார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வருடத்தில் பாதி நாள் போய் இருந்தாலும் எனக்குச் சம்மதம்தான்.

இன்று சாயங்காலம் படகு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்குப் போய் வழியனுப்பிவிட்டு இப்போதுதான் வந்தேன். அண்ணி மேலே ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, 'நோஃபோ ஆ' என்று கத்தினார். வழக்கமாகச் சொல்வதுதானா, பிள்ளையைக் கூப்பிட்டாரா என்று யாருக்கும் தெரியவில்லை. பிள்ளை மட்டும் தன்னைத்தான் என்று நினைத்துத் தலையைத் திருப்பினாள். நாங்கள் எல்லோரும் 'அலு ஆ' என்று கையசைத்தோம். அவர் போவது எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கவே இல்லை. அடுப்படி வெறிச்சென்று இருக்கிறது.

நாளைக் காலையில் பௌலியாசி கிளம்புகிறார், முடிக்கிறேன். எண்ணெய் பாட்டிலைச் சாய்க்காமல் வையுங்கள், மேல்மூடி சரியில்லை. திராட்சை முடிந்ததும் ஆப்பிள் இருக்கிறது, அதற்கும் இருந்துவிடு என்று மேஸ்திரி சொன்னதாகவும், யோசித்துச் சொல்கிறேன் என்று நீங்கள் சொன்னதாகவும் போன மாதம் சொன்னீர்கள். யோசித்தீர்களா என்று நான் கேட்கவில்லை. அது உங்கள் முடிவு.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் மகளின் பெயரைத் தினமும் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். இங்கே நாள் முழுக்க நான் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவளைப் பார்த்துச் சொல்கிறேன், உங்கள் தலையணையைப் பார்த்தும் சொல்கிறேன். கர்த்தர் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வந்து இறங்கியதும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். இந்தத் தடவை வார்த்தையை மாற்றிச் சொல்ல உங்களுக்கு வழியில்லை.

இப்படிக்கு,
நோஃபோவின் அம்மா
சீலியா